பட்டுப்புழுவைக் கொன்றது எது?

கண் மங்கிய ஒரு சட்டப் பட்டதாரி 28 வருஷம் துப்புத் துலக்கிய கதை

வடக்கு இத்தாலியில் லம்பார்டி என்று ஒரு சமவெளி உண்டு. ஆல்ப்ஸ் மலையில் உருகும் பனி ஆறுகளாக இறங்கி அந்தப் பூமியை நனைக்கிறது. நெல்லும் மக்காச்சோளமும் செழித்து வளரும் இடம். ஆனால் 200 வருஷங்களுக்கு முன் அந்த ஊர்க் குடியானவன் கையில் ரொக்கம் பார்த்தது நெல்லாலும் அல்ல, சோளத்தாலும் அல்ல. ஒரு புழுவால்!

வயல் வரப்புகளில் வரிசையாக முசுக்கட்டை மரங்கள் நிற்கும். மல்பெரி என்று இப்போது எல்லோரும் சொல்லும் மரந்தான். வசந்த காலத்தில் அது தளிர் விட்டதும் வீட்டுக்கு வீடு பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கிவிடுவார்கள். கடுகைவிடச் சிறிய முட்டைகளைத் துணிப்பையில் முடிந்து, பெண்கள் தங்கள் மார்புச் சூட்டிலே வைத்துப் பொரிக்க வைப்பது அங்கே வழக்கம். பொரித்த நாள் முதல் ஏறக்குறைய ஒரு மாதம் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. வேளை தவறாமல் இலை போடவேண்டும். கணப்பு மூட்டி அறையைக் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும். தட்டுகளிலே சேரும் கழிவை அள்ளிக் கொட்டவேண்டும். புழுக்கள் பெருத்த கடைசி நாட்களில் அவை இலையை மெல்லும் ஓசை கூரைமேல் மழை பெய்வது போலக் கேட்குமாம். அதன் பிறகு அவை கூடு கட்டும். கூட்டை விற்றால்தான் பழைய கடனை அடைக்கலாம். வீட்டிலே ஒரு நல்ல காரியம் நடத்தலாம்.

இப்படிக் குழந்தையைப் போல வளர்த்த புழு, இன்றைக்கோ நாளைக்கோ கூடு கட்டப் போகிறது என்று காத்திருக்கும் சமயத்தில், திடீரென்று இலை தின்பதை நிறுத்திவிடும். துவண்டு விழுந்து செத்துப் போகும். மற்ற வியாதிகளில் செத்த புழு கறுத்து, அழுகி, நாற்றமெடுக்கும். இந்த வியாதியில் அப்படி அல்ல. உடல் லேசாகச் சிவக்கும். பிறகு குச்சி போல விறைத்துவிடும். ஓரிரண்டு நாளில் அதன்மேல் வெள்ளை வெளேரென்று ஒரு பூப்பு பூத்துவிடும். தொட்டால் விரலில் மாவு போல ஒட்டும். ஒடித்தால் சாக்குக் கட்டி போல முறியும்.

காரைச் சுண்ணாம்பு உதிர்ந்தது போல் இருப்பதால் இத்தாலியர் இதற்குக் கால்சினாச்சோ என்று பெயர் வைத்தார்கள். 'அடையாள நோய்' என்ற பொருளில் மால் தெல் சேனியோ என்றும் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மஸ்கார்டின் என்றார்கள். அது ஒரு மிட்டாயின் பெயரிலிருந்து வந்தது. ஏழையின் பிழைப்பைக் கெடுத்த வியாதிக்கு மிட்டாயின் பெயரைச் சூட்ட எப்படித்தான் மனம் வந்ததோ!

அந்த வெள்ளைப் பொடி என்ன? புழு செத்ததனால் அது வந்ததா, அல்லது அது வந்ததனால் புழு செத்ததா? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடித் தம் வாழ்நாளில் பெரும் பகுதியையும், கண்ணில் மிச்சமிருந்த பார்வையையும் செலவிட்டவர் அகோஸ்தினோ பாஸி.

சட்டப் படிப்பும் ஆட்டு மந்தையும்

லோடி நகரத்துக்கு அருகில் மைராகோ என்ற கிராமம். அங்கே 1773-ம் வருஷம் செப்டம்பர் 25-ந் தேதி பாஸி பிறந்தார். தகப்பனார் வசதியுள்ள விவசாயி. பையன் நிலத்திலே இறங்கி மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பதைப் பெற்றோர்கள் விரும்பவில்லை. சட்டம் படித்து உத்தியோகம் பார்க்கவேண்டும் என்பது அவர்கள் ஆசை. பாவியா சர்வகலாசாலைக்கு அனுப்பி வைத்தார்கள்.

அந்தக் காலத்தில் பாவியா சாதாரண இடம் அல்ல. மின்சார அடுக்கைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெறவிருந்த வோல்டா அங்கேதான் பௌதிகம் போதித்தார். இயற்கை நூல் ஆசிரியர் ஸ்பல்லன்ஸானி. கொதிக்க வைத்து இறுக மூடிய சாற்றில் உயிர்கள் தாமாகவே முளைப்பதில்லை என்று பரிசோதனை செய்து காட்டியவர் அவர். பாஸி சட்ட வகுப்புக்கும் போனார். அது முடிந்ததும் இவர்களுடைய வகுப்பிலும் போய் உட்கார்ந்தார். சட்டம் அவருக்குப் பட்டத்தைக் கொடுத்தது. ஆனால் மனம் போனது இந்தப் பக்கந்தான்.

படித்துக்கொண்டிருக்கும்போதே ஊர் தலைகீழாகிவிட்டது. 1796-ம் வருஷம் மே மாதம் 10-ந் தேதி நெப்போலியனுடைய படை லோடியில் அட்டா ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஆஸ்திரியர்களை விரட்டியது. சரித்திரப் புத்தகங்களில் பிரசித்தி பெற்ற சண்டை அது. லம்பார்டி பிரெஞ்சுக்காரர்களின் ஆதிக்கத்துக்குள் வந்தது. 1798-ல் சட்டப் பட்டம் பெற்று ஊர் திரும்பிய பாஸிக்குப் புதிய சர்க்கார் நிர்வாக உத்தியோகமும், பிறகு போலீஸ் இலாகாவில் பதவியும் கொடுத்தது. பெற்றோர் விரும்பியது நடந்துவிட்டது.

ஆனால் கண் இடம் கொடுக்கவில்லை. இளமையிலேயே அவருக்குப் பார்வைக் கோளாறு உண்டு. தஸ்தாவேஜுகளைப் படித்துப் படித்து அது முற்றியது. உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தகப்பனாரின் பண்ணைக்கே வந்து சேர்ந்தார். எந்த மண்ணிலிருந்து அவரை அப்புறப்படுத்த நினைத்தார்களோ, அந்த மண்ணே அவரை மறுபடி அழைத்துக்கொண்டது.

பண்ணையில் சும்மா இருக்கும் சுபாவம் அவருக்கு இல்லை. வெளியிலிருந்து மெரினோ ஜாதிச் செம்மறி ஆடுகளைத் தருவித்து வளர்த்தார். ஆடு வளர்ப்பைப் பற்றி 1812-ல் பெரிய புத்தகம் ஒன்றை எழுதினார். உருளைக்கிழங்குச் சாகுபடி, பாலாடைக்கட்டி செய்யும் முறை, திராட்சை மது வடிக்கும் முறை எல்லாவற்றைப் பற்றியும் எழுதியிருக்கிறார். புத்தகங்களால் பெயர் வந்தது; ஆடுகளால் பணம் வரவில்லை.

இவற்றுக்கெல்லாம் நடுவில், 1807-ம் வருஷம், பட்டுப்புழுவின் சுண்ணாம்பு நோய் அவர் கவனத்தைப் பிடித்தது. பிடித்த பிடியை அது விடவேயில்லை.

புகைபோக்கியில் தொங்கிய புழுக்கள்

அந்த நாளில் கற்றறிந்தவர்கள் கூடத் தொத்துவியாதிகளை விஷக்காற்றின் கோளாறு என்றுதான் நினைத்தார்கள். உடலுக்குள்ளே ஏதோ கெட்டுப்போய் வியாதி தானாகவே பிறக்கிறது என்ற நம்பிக்கையும் இருந்தது. பாஸியும் முதலில் அதே வழியில்தான் போனார். காற்று, தீனி, சூடு, ஈரம் இவற்றில் ஏதோ ஒன்று ஒவ்வாமல் போனதால் புழுவுக்குள் இந்த நோய் உண்டாகிறது. ஆகவே அந்த ஒன்றைக் கண்டுபிடித்து நாமே நோயை வரவழைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தார்.

பாவம், புழுக்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சூட்டில் வாட்டினார், குளிரில் விட்டார், ஈரத்தில் போட்டார். உலோக விஷங்கள், பூண்டு விஷங்கள், பிராணி விஷங்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார். புழுக்கள் தாராளமாகச் செத்தன. சுண்ணாம்பு நோய் மட்டும் வரவில்லை. சில புழுக்களைக் காகிதத்தில் பொதிந்து புகைபோக்கிக்குள் தொங்கவிட்டார். பாதி வெந்து, பாதி உலர்ந்து, அவை சுண்ணாம்பு நோயில் செத்தவை போலவே விறைத்துவிட்டன. வெற்றி கிடைத்ததாகவே தோன்றியது. ஆனால் அவற்றின்மேல் வெள்ளை பூக்கவும் இல்லை. அவற்றால் வேறு புழுக்களுக்கு நோய் வரவும் இல்லை. உருவம் ஒன்றாக இருந்தது, விஷயம் வேறாக இருந்தது.

இப்படியே 1816-ம் வருஷம் வந்தது. எட்டு, ஒன்பது வருஷ உழைப்புக்குப் பலன் சூன்யம். செலவழித்த பணம் போனது; ஊரார் முன்னிலையில் தலைகுனிவு. இனி இந்தப் பக்கமே திரும்புவதில்லை என்று ஆராய்ச்சியைக் கைவிடும் அளவுக்கு மனம் உடைந்துபோனார்.

சிறிது காலங்கழித்து மறுபடி தொடங்கியபோது அவர் செய்த பெரிய காரியம், புதிதாக ஒரு கருவியை வாங்கியது அல்ல. கேள்வியைத் திருப்பிப் போட்டதுதான். புழுவுக்குள் இந்த நோய் எப்படிப் பிறக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தவர், இந்த நோய் வெளியிலிருந்து எப்படி வந்து சேருகிறது என்று கேட்க ஆரம்பித்தார். என்ன கொடுமை செய்தாலும் புழுவுக்குள் தானாகத் தோன்றாத வியாதி, வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்றால்தானே வரவேண்டும்? போலீஸ் இலாகாவில் வேலை பார்த்தவருக்கு வீட்டுக்குள் திருடு போனால் வெளியாளைத் தேடவேண்டும் என்ற யோசனை தோன்ற இத்தனை வருஷம் ஆனதே என்று நமக்குத் தோன்றலாம். அந்தக் காலத்தில் கற்றறிந்தவர்கள் பலருக்கும் அது தோன்றவில்லை என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும்.

பூத்த பிறகே பரவும்

சுண்ணாம்பு நோய் தொத்துமா, தொத்தாதா என்பதிலேயே புழு வளர்ப்பவர்களுக்குள் ஓயாத தகராறு. ஒருவர் செத்த புழுவை ஆரோக்கியமான புழுக்களுக்கு நடுவே போட்டிருப்பார், ஒன்றும் நேராது. உடனே தொத்தாது என்று சத்தியம் செய்வார். இன்னொருவர் வீட்டில் ஒரு தட்டில் ஆரம்பித்த சாவு ஒரே வாரத்தில் எல்லாத் தட்டுகளையும் துடைத்துக்கொண்டு போயிருக்கும். அவர் தொத்துவியாதி என்று அடித்துச் சொல்வார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

பாஸி நாள் கணக்காக, மணிக் கணக்காகக் கவனித்து இந்தப் புதிரை அவிழ்த்தார். உயிரோடிருக்கும் நோயாளிப் புழுவின் பக்கத்தில் இருப்பதால் மற்றப் புழுவுக்கு நோய் வருவதில்லை. அப்போதுதான் செத்த புழுவாலும் வருவதில்லை. செத்து, விறைத்து, அதன்மேல் வெள்ளை பூத்த பிறகுதான் அது பிறருக்கு எமனாகிறது. வெள்ளை பூப்பதற்கும் ஈரம் வேண்டும். உலர்ந்த இடத்தில் கிடந்த பிணம் பூக்காமலே காய்ந்துபோகும். ஈரக் காற்றில் கிடந்தது குபீரென்று பூத்துவிடும். ஆக, அந்தப் பொடி சாவின் பின்விளைவு மட்டுமல்ல. அடுத்த சாவுக்கான விதையும் அதுவே!

ஊசி நுனியில் அந்தப் பொருளைத் துளி எடுத்து ஆரோக்கியமான புழுவின் தோலில் குத்தினார். புழு செத்தது, விறைத்தது, பூத்தது. அந்தப் பூப்பிலிருந்து எடுத்து இன்னொரு புழுவுக்குக் குத்தினார். அதுவும் அப்படியே. வேறு ஜாதிக் கம்பளிப்பூச்சிகளுக்கும் அந்த நோயைக் கொடுத்து, அவற்றிலிருந்து பட்டுப்புழுவுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். எத்தனை கை மாறினாலும் விஷம் நீர்த்துப் போகவில்லை. கொடுத்ததைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. வெறும் நஞ்சாக இருந்தால் பங்கு போடப் போட குறைந்துகொண்டே போகும்; பெருகுவது உயிர் உள்ள பொருள்தான்.

மங்கிய கண்ணோடு மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்துப் பார்த்தார். நூல் நூலாகக் கிளைத்த, செடியைப் போன்ற ஒன்று தெரிந்தது. அதன் கிளைகளில் எண்ணற்ற நுண்ணிய மணிகள். மழைக்காலத்தில் ஊறுகாய்ச் சாடியிலும் செருப்பிலும் பூக்கிறதே, அந்தப் பூசணத்தின் இனம்! ஒரு பூஞ்சக்காளான் உயிருள்ள பிராணியின் உடலுக்குள் புகுந்து, வேர் விட்டு, அதையே உணவாகத் தின்று, கொன்றபின் வெளியே வந்து பூத்து விதை தூவுகிறது. இதுதான் அவர் கண்ட உண்மை.

அது எப்படி நடக்கிறது என்பது இப்போது இன்னும் விவரமாகத் தெரிந்திருக்கிறது. காற்றில் வந்த விதைத்தூள் புழுவின் தோலில் ஒட்டிக்கொள்கிறது. ஈரம் கிடைத்தால் முளை விடுகிறது. தோலைக் கரைக்கும் ரசங்களைச் சுரந்து, துளைத்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. வயிற்றின் வழியாகப் போகவேண்டும் என்ற அவசியமே இல்லை. உள்ளே ரத்தத்தில் பெருகிப் புழுவைக் கொல்கிறது. அதோடு நிற்காமல், பிணத்தை வேறு கிருமிகள் பங்குக்கு வந்து அழுகவைக்காதபடி சிவப்பான ஒரு பொருளையும் சுரக்கிறது. செத்த புழு சிவப்பதன் ரகசியமும், நாறாமல் இருப்பதன் ரகசியமும் இதுதான்.

ஒன்பது பேர் கொடுத்த நற்சாட்சி

பட்டணத்துப் பண்டிதர்கள் ஒரு கிராமத்துப் பண்ணையாரின் பேச்சை எளிதில் நம்புவார்களா? தாம் படித்த பாவியா சர்வகலாசாலையிலேயே பரிசோதனைகளைச் செய்து காட்டினார் பாஸி. ஒன்பது பேராசிரியர்கள் அடங்கிய குழு உட்கார்ந்து பார்த்து, அவர் சொன்னது உண்மையே என்று 1834-ல் நற்சாட்சி கொடுத்தது. அடுத்த வருஷம், 1835-ல், அவருடைய புத்தகத்தின் முதல் பாகம் வெளிவந்தது. ஆராய்ச்சியைத் தொடங்கி 28 வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு வயது 61.

மிலான் நகரத்து இயற்கை நூலறிஞர் பால்சமோ கிரிவெல்லி அந்தக் காளானைப் பரிசீலித்து, கண்டுபிடித்தவரின் பெயரையே அதற்கு இட்டார். 1912-ல் பிரெஞ்சு அறிஞர் வியூமான் அதை வேறு வகுப்புக்கு மாற்றினார். அன்று முதல் அதன் பெயர் பிவேரியா பாசியானா. குடும்பப் பெயர் மாறினாலும் பாஸியின் பெயர் நிலைத்துவிட்டது.

1836-ல் வந்த இரண்டாம் பாகம்தான் குடியானவனுக்கு உண்மையில் உபயோகப்பட்டது. அது முழுக்க முழுக்கச் செய்முறை. நோய் கண்ட புழுவைப் பூப்பதற்கு முன்பே பொறுக்கி எடுத்து அழித்துவிடு. தட்டு முட்டுகளைக் கொதிநீரில் போடு. அறையைக் காரநீராலும் சலவைத் தூள் கரைசலாலும் கழுவு. நோய் வந்த வீட்டிலிருந்து வந்தவன் கையைக் கழுவாமல் புழுவைத் தொடவேண்டாம். காற்றோட்டம் இருக்கட்டும், ஈரம் தங்கவேண்டாம் என்ற ரீதியில் போகிறது. பிரசவ அறையிலும் ரண சிகிச்சை அறையிலும் டாக்டர்கள் கை கழுவக் கற்றுக்கொள்வதற்கு வெகு காலம் முன்பே, லம்பார்டியில் புழு வளர்க்கிறவர்களுக்குக் கை கழுவச் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது!

உண்மையைச் சொல்லவேண்டுமானால், நோயை உண்டாக்கும் நுண்ணுயிரை முதன்முதலில் கண்டவர் பாஸிதான் என்று பொதுப்படையாகச் சொல்லிவிட முடியாது. கோதுமைக் கதிரைக் கரியாக்கும் நோய்க்கு ஒரு காளானே காரணம் என்று 1807-லேயே பிரான்சில் பிரெவோ என்பவர் காட்டியிருந்தார். ஆனால் அது பயிர். பிராணியின் உடலில் வரும் ஒரு தொத்துவியாதிக்குக் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர்தான் காரணம் என்று பரிசோதனைகளை அடுக்கடுக்காகச் செய்து நிரூபித்த பெருமை பாஸியைச் சேரும். ஜெர்மன் டாக்டர் ராபர்ட் காக் மாடுகளின் அடைப்பான் நோய்க்குக் கிருமியைக் காட்டியது 1876-ல். அதற்கும் 41 வருஷம் முந்தியது பாஸியின் புத்தகம்.

புழுவிலிருந்து மனிதனுக்கு

பாரிஸில் ஓதுவான் என்ற பூச்சி நூல் நிபுணர் பாஸியின் பரிசோதனைகளைத் தாமே செய்து பார்த்து ஒப்புக்கொண்டார். செய்தி பரவியது. ஸூரிக் நகரத்தில் டாக்டர் ஷோன்லைனுக்கு அது எட்டியது. புழுவின் தோலில் காளான் முளைக்குமானால் மனிதன் தோலில் ஏன் முளைக்கக்கூடாது? தலையில் மஞ்சள் பொருக்குகளாகக் கட்டி மயிரை உதிர்க்கும் ஒரு வகைச் சொறியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அங்கேயும் காளான் இழைகள்! அது 1839-ல். பின்னர் ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் வைத்தியம் பார்த்த குரூபி, குழந்தைகளின் தலையில் வரும் படர்தாமரைக்குக் காரணமான காளானைக் கண்டு 1843-ல் விவரித்தார். அதற்கு அவர் இட்ட பெயர் மைக்ரோஸ்போரம் ஓதுவினி. பாஸியின் பட்டுப்புழுவைப் பரிசோதித்து ஒப்புக்கொண்ட அதே ஓதுவானின் ஞாபகார்த்தம்!

கன்றுக்குட்டியின் முகத்தில் வட்ட வட்டமாகச் சாம்பல் நிறப் பொருக்கு கட்டுகிறதே, பூனைக்குட்டியின் காதோரம் மயிர் உதிர்கிறதே, அவையும் இந்த இனத்துக் காளான்களின் வேலைதான். அவற்றைத் தூக்கிக் கொஞ்சுகிற குழந்தையின் கையிலும் கழுத்திலும் அதே படர்தாமரை வருவதை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம்.

பாஸியோ இதற்கும் மேலே போய்விட்டார். அம்மை, பிளேக், காலரா போன்ற மனித வியாதிகளும் இப்படிப்பட்ட உயிருள்ள நுண்பொருள்களால்தான் வரவேண்டும் என்று எழுதினார். 1844-ல் தொத்துவியாதிகளைப் பற்றித் தனியாகவே ஒரு நூல் வெளியிட்டார். நிரூபிக்க அவரிடம் பரிசோதனை இல்லை, யூகம் மட்டுமே. அந்த யூகம் பலித்ததை உலகம் அறியும்.

தாமே நிரூபித்திருக்கக் கூடாதா என்றால், அதற்குக் கண் வேண்டுமே! மைக்ராஸ்கோப்பைத் தொடமுடியாத அளவுக்குப் பார்வை கெட்டுவிட்டது. மற்றவர்கள் அவர் காட்டிய பாதையில் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக் கொண்டிருந்த காலத்தில், அந்தப் பாதையைப் போட்டவர் ஏறக்குறையக் குருடராக லோடியில் உட்கார்ந்திருந்தார். பேனாவை மட்டும் விடவில்லை.

அவருடைய கடைசி வருஷங்களில் பட்டுப்புழுவுக்குப் புதிதாக வேறொரு வியாதி வந்து பிரான்சையும் இத்தாலியையும் சூறையாடியது. உடலில் மிளகுத்தூள் தூவினது போலக் கரும்புள்ளி விழும் பெப்ரின் நோய் அது. அதற்கு வழி காணும் வயதும் கண்ணும் பாஸிக்கு இல்லை. 1856-ம் வருஷம் பிப்ரவரி மாதம் லோடியில் காலமானார். வயது 82. அந்த நகரத்துப் புனித பிரான்சிஸ் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

ஒன்பது வருஷங்களுக்குப் பிறகு, 1865-ல், அந்தப் பெப்ரின் நோயை ஆராய பிரெஞ்சு சர்க்காரால் அனுப்பப்பட்டவர்தான் லூயி பாஸ்டர். பட்டுப்புழுவைப் பற்றி அதற்குமுன் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஐந்து வருஷம் பாடுபட்டு அவரும் வெற்றி கண்டார். பாஸ்டருடைய பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிகிறது. பாஸியின் பெயர் புத்தகங்களின் ஓரத்திலேதான் கிடக்கிறது. இதிலே ஒரு வேடிக்கை: பெப்ரினை உண்டாக்கும் நுண்ணுயிரும் காளான்களுக்கு நெருங்கிய உறவு என்றுதான் இன்றைய விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்.

மீண்டும் வெள்ளைப் பொடி

பாஸியின் கேள்வி அவரோடு மறைந்துவிடவில்லை. லோடியிலிருந்து கடல் கடந்து அமெரிக்காவில், நம் காலத்திலேயே அது மறுபடி எழுந்தது. 2006-ம் வருஷம் நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனி நகருக்கு அருகில் ஒரு குகை. பனிக்காலம் முழுவதும் தூங்கிக் கழிக்கும் வௌவால்களின் மூக்கில் வெள்ளையாக ஏதோ பூத்திருப்பதைக் கண்டார்கள். அதையடுத்து வந்த வருஷங்களில் வௌவால்கள் குகை குகையாகச் செத்து விழுந்தன. லட்சக்கணக்கில் மாண்டன. பூச்சிகளைத் தின்று பயிரைக் காக்கும் பிராணி ஆகையால் விவசாயிகளுக்கும் கவலை.

வௌவாலை அந்தக் காளான் கொல்கிறதா, அல்லது வேறு எதனாலோ நலிந்த வௌவாலின்மேல் காளான் வந்து படர்கிறதா? 1807-ல் மைராகோ கிராமத்தில் கேட்ட கேள்வி எழுத்து மாறாமல் கேட்கப்பட்டது. விடை 2011-ல் வந்தது. எப்படித் தெரியுமா? தனியாக வளர்த்த காளானை ஆரோக்கியமான வௌவால்களின்மேல் தடவி, நோய் வருகிறதா என்று பார்த்தார்கள். வந்தது. பாஸி ஊசி நுனியில் செய்த அதே காரியம். குகைக்குள் போய் வருகிறவர்கள் பூட்ஸையும் உடையையும் மருந்து நீரில் கழுவவேண்டும் என்று அங்கே கட்டளை போட்டிருக்கிறார்கள். அதையும் லம்பார்டி விவசாயிக்கு அவர் சொல்லியாகிவிட்டது.

பிவேரியா பாசியானா மட்டும் இதற்குள் கட்சி மாறிவிட்டது. புழுக்களைக் கொல்வதில் அதற்குள்ள சாமர்த்தியத்தைப் பயிரைத் தின்னும் பூச்சிகளின்மேல் ஏவிவிட்டால் என்ன என்று யோசித்தார்கள். இன்று அதன் விதைத்தூளையே பொட்டலங்களில் அடைத்து விற்கிறார்கள். காப்பிக் கொட்டையைத் துளைக்கும் வண்டுக்கும், கத்தரி, வெண்டைத் தோட்டங்களின் பூச்சிகளுக்கும் எதிராக நம் தமிழ்நாட்டு விவசாயிகளும் அதைத் தண்ணீரில் கலந்து மாலை நேரத்தில் தெளிக்கிறார்கள். வெயில் பட்டால் அதன் வீரியம் குறைந்துவிடும் என்பதால்தான் மாலை நேரம். ஒசூர், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கோ அதே காளான் இன்னும் பழைய எதிரிதான். ஆகையால் மல்பெரித் தோட்டத்துக்கும் புழு வளர்க்கும் கொட்டகைக்கும் அருகில் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது.